பயத்துக்கு நாலு மார்க்

நவம்பர் 10, திங்கள்

வங்காளத்துப் பூஜை விடுமுறை, தீபாவளி, சட் பூஜை எல்லாம் தீர்ந்து ஒரு வழியாகப் பள்ளி முழு வாரம் நடக்கப்போகிறது என்று நினைத்தேன். பிரியம்வதா விடவில்லை. எங்கள் தலைமையாசிரியைக்கு யாராவது நிம்மதியாக இருப்பதைப் பார்த்தால் கை அரிக்கும்.

"அனந்தலக்ஷ்மி மிஸ், வெள்ளம் பாதிச்ச ஸ்கூல் ஒவ்வொண்ணுலேர்ந்தும் ஒரு டீச்சரை அனுப்பணுமாம். குழந்தைங்க மனசைப் பார்த்துக்கறதுக்கு டிரெயினிங். அஞ்சு நாள். நியூ டவுன்ல."

"நான் கணக்கு டீச்சர்" என்றேன்.

"அதனாலதான். உங்களுக்குத்தான் ரொம்பத் தேவைன்னு ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் சொன்னாங்க."

எல்லாருமாம்! நான் வாங்கிப் போடும் டீயைக் குடித்துவிட்டு எனக்கு எதிராக ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்.

செப்டம்பரில் ஒரே ராத்திரி கொட்டிய மழையில் கிடர்பூர்ப் பக்கம் முழுதும் மூழ்கியதே, அதில் எங்கள் பள்ளியின் கீழ்த்தளமும் போயிற்று. பெஞ்சுகள் ஊறி உப்பின. ஆர்மோனியம் மிதந்துபோய்க் கழிப்பறை வாசலில் ஒதுங்கிக் கிடந்தது. குழந்தைகள் எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள், ஒருத்தி தவிர.

மஹிமா. ஐந்தாம் வகுப்பு பி பிரிவு. தினமும் அப்பா சண்முகத்தோடு கேட் வரை வருகிறாள். வெள்ளத்துக்குப் பிறகு கார்ப்பரேஷன் குழாய் ஒன்று உடைந்து, கேட்டுக்கு முன்னால் எப்போதும் ஒரு குட்டை. நாங்கள் செங்கல் போட்டு அதன்மேல் தாவித் தாவி உள்ளே வருகிறோம். அவள் குட்டைக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள், பார்க்கிறாள், திரும்பிப் போகிறாள். அப்பா தூக்கிவர முயன்றால் "நான் ஒண்ணும் பாப்பா இல்ல" என்று கத்துகிறாள். ஜனவரிக்குள் உள்ளே வரவில்லை என்றால் கரக்பூரில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடப் போவதாக அவர் சொல்கிறார்.

கரும்பலகையில் நான் தப்புப் போட்டால் எழுந்து நின்று சொல்வது அவள் ஒருத்திதான். இப்போது தப்பு போட்டால் வகுப்பே பவ்யமாகக் காப்பி பண்ணிக்கொள்கிறது. எனக்கு அவள் திரும்பி வரவேண்டும். இதை ஸ்டாஃப் ரூமில் சொல்லிக்கொள்ள முடியாது.

நவம்பர் 13, வியாழன்

செங்கல் வழுக்கி பிரியம்வதா குட்டையில் ஒரு காலை விட்டார். சிரிக்காமல் இருந்தது என் பணி வாழ்வின் சாதனைகளில் ஒன்று.

நவம்பர் 17, திங்கள்

காளிகாட்டிலிருந்து நியூ டவுனுக்கு ஆப் டாக்ஸி. பாதி வழியில் டிரைவர் "எங்கே போகணும் தீதி?" என்று என்னையே கேட்டான். எனக்கும் அதே சந்தேகம்தான் இருந்தது.

அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். முன்பக்கமே இல்லாத அறை. முப்பது வருஷம் முன்பக்கத்தில் நின்றவள் எங்கே போய் உட்காருவது? பயிற்சி கொடுப்பவள் சுப்ரியா என்று ஒரு பெண். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். பாதி வாக்கியம் தமிழ், மீதி வங்காளம், இடையில் மூச்சு. என்னையும் தீதி, அதாவது அக்கா, என்கிறாள். கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது.

முதல் வேலை, ஆளுக்கு ஒரு மிருகம் தேர்ந்தெடுத்து அட்டையில் எழுதிச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். எனக்கு முன்னால் ஆறு பேர் வங்கப்புலி ஆகிவிட்டார்கள். நான் எருமை என்று எழுதினேன்.

"ஏன் தீதி எருமை?"

"அதை யாரும் எழுந்து பேசச் சொல்ல மாட்டாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். சுப்ரியா மட்டும் ஏதோ குறித்துக்கொண்டாள். பிறகு பலூன் மூச்சு. வயிற்றில் ஒரு பலூன் இருப்பதாக நினைத்துக்கொண்டு மெல்ல ஊதி, மெல்ல விடவேண்டும். நாற்பது ஆசிரியர்கள் கண்ணை மூடிக்கொண்டு குக்கர் மாதிரிச் சத்தம் விட்டோம். எனக்குத் தூக்கம் வந்தது. அதுவும் நல்லதுதானாம்!

நவம்பர் 18, செவ்வாய்

நாடகப் பயிற்சி. பெஹாலாப் பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்திருந்த பி.டி. மாஸ்டர் அழும் குழந்தையாக நடிக்க வேண்டும். பெரிய மீசை, பெரிய தொந்தி. "ஊ... ஊ..." என்று ஆரம்பித்தார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் சுப்ரியா "போதும் தாதா" என்றாள்; இங்கே தாதா என்றால் அண்ணா. அவர் நிறுத்தவில்லை. அவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் கல்யாண ஆல்பம் மொத்தமும் தண்ணீரில் ஊறிப்போய்விட்டதாம். ஒரு படம்கூட மிச்சமில்லையாம். வீட்டில் அழ முடியவில்லை என்றார், மனைவி பார்ப்பாளே என்று.

மத்தியானத்துக்கு வைத்திருந்த லூச்சிப் பூரி ஆறிப்போயிற்று. ஒருவரும் எழுந்து போகவில்லை. என் கைக்குட்டையைக் கொடுத்தேன். மூக்கை அவ்வளவு பலமாகச் சிந்தினார், திருப்பிக் கேட்க மனம் வரவில்லை.

நவம்பர் 19, புதன்

இன்றைய பாடம்: காது கொடுத்துக் கேட்டல். அறிவுரை சொல்லக்கூடாது. கேள்வி கேட்கக்கூடாது. தீர்ப்புச் சொல்லக்கூடாது. எதிராளி சொன்னதையே அவர் மனதோடு சேர்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். வீட்டில் யாரிடமாவது பழகிப் பாருங்கள் என்றாள் சுப்ரியா. வீட்டில் இருப்பது என் கணவர் மஹாதேவன் ஒருத்தர்தான். வங்கியிலிருந்து ரிட்டயர் ஆனவர். பாவம்.

"சாம்பார்ல உப்பு இல்லை" என்றார்.

"சாம்பார்ல உப்பு இல்லைன்னு உங்களுக்குத் தோணறது."

"தோணலை. இல்லை."

"அது உங்களை வருத்தப்படுத்தறது."

கரண்டியைக் கீழே வைத்தார். "ஏன், உடம்பு சரியில்லையா உனக்கு?"

"என் உடம்பைப் பத்திக் கவலைப்படறேள்."

கை கழுவிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். பெங்களூரில் இருக்கும் பிள்ளைக்குப் போன். "அம்மா ஒரு மாதிரி பேசறாடா... இல்லை, கோவமா இல்லை. அதான் பயமா இருக்கு."

நவம்பர் 21, வெள்ளி

சான்றிதழ் கொடுத்தார்கள். கூடவே ஒரு பொட்டலம் பலூன், வண்ணக் களிமண், 'மன வானிலை' என்று ஒரு படம். வெயில் என்றால் சந்தோஷம், மேகம் என்றால் குழப்பம், மழை என்றால் சோகம், இடி என்றால் கோபம் அல்லது பயம். குழந்தைகள் அன்றன்றைய வானிலையை எழுதித் தரவேண்டும்.

பி.டி. மாஸ்டர் கைக்குட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு புலியும் எருமையும் கைகுலுக்கிப் பிரிந்தோம்.

நவம்பர் 24, திங்கள்

மன வானிலை அரங்கேற்றம். அந்தப் படத்தை வரைந்தவர்கள் எந்த ஊரோ! வெள்ளத்திலிருந்து தப்பி வந்த குழந்தைகளிடம் "உன் மனசுல இன்னைக்கு மழையா?" என்று கேட்டேன். பாதிப் பேர் ஜன்னலுக்கு ஓடினார்கள். இரண்டு பேர் பையை மாட்டிக்கொண்டு நின்றார்கள். உட்கார வைக்கவே ஒரு பீரியட் போயிற்று.

பின் பெஞ்சு வங்காளிப் பையன் ஒருவன் மழைதான் சந்தோஷம் என்று சாதித்தான். மழை என்றால் வீட்டில் அரிசியும் பருப்பும் குழைத்த கிச்சுரி, கூடவே முட்டை ஆம்லெட், பள்ளி லீவு. இதில் என்ன சோகம் என்கிறான். அவனுக்கு வெயில் என்று போட்டுக்கொள்ளச் சொன்னேன். வெயில் பிடிக்காதாம், பி.டி. பீரியடில் ஓட விடுவார்களாம்.

கடைசியில் எல்லாரும் எழுதிக் கொடுத்தார்கள்.

நவம்பர் 26, புதன்

வானிலைத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து திருத்தி முடித்துவிட்டேன். ரொம்ப சுமார். "ஒன்றுமில்லை" என்று எழுதிய பையனுக்குப் பத்துக்கு இரண்டு. 'விரிவாக எழுதவும்' என்று சிவப்பு மையில் போட்டேன். எழுத்துப் பிழைகளையும் வட்டம் போட்டிருக்கிறேன். சாய் கிருஷ்ணா மட்டும் பரவாயில்லை. வழக்கம்போல வகுப்பில் முதல். 'இன்று என் மனதில் இடியுடன் கூடிய கனமழை. என் தங்கமீன் இறந்துவிட்டது' என்று அடிக்கோடெல்லாம் போட்டு அழகாக எழுதியிருந்தான். பத்துக்கு ஒன்பது. கையெழுத்துக்காக.

பயிற்சி வீண்போகவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

ஒரே வாரத்தில் ஐந்து பி-யில் பதினோரு தங்கமீன்கள் இறந்திருக்கின்றன.

கோடு போட்ட மாதிரி ஒரே வாக்கியம். சாய் கிருஷ்ணாவுக்குப் பின்வரிசை முழுதும் இடியுடன் கூடிய கனமழை. பக்கத்து வரிசையில் இடி மட்டும் விட்டுப்போயிருக்கிறது, தலை மறைத்திருக்கும். எழுப்பி விசாரித்தேன். ஒருவர் வீட்டிலும் மீன் கிடையாது. சாய் கிருஷ்ணா வீட்டிலேயே கிடையாது!

"அப்புறம் ஏன்டா எழுதினே?"

"சோகமா எழுதினா நல்ல மார்க் வரும்னு நெனச்சேன் மிஸ்."

நினைத்ததில் தப்பில்லை. வந்ததே!

டிசம்பர் 4, வியாழன்

மஹிமாவும் வானிலைத் தாள் எழுதி அப்பாவிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள். ஒரே வரி: 'எனக்கு தண்ணி பிடிக்கல.' பத்துக்கு நாலு. 'செய்முறை எங்கே?' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். முயற்சி செய்திருக்கிறாளே, நல்ல அறிகுறி.

டிசம்பர் 5, வெள்ளி

இந்த ஊரில் எதற்குத்தான் டியூஷன் இல்லை! ஆனால் இதை நான் எதிர்பார்க்கவில்லை. குழந்தைகளின் பையில் ஒரு அச்சடித்த தாள் கிடைத்தது. தெருக்கோடி டியூஷன் மாஸ்டர் குருபிரசாத் வெளியிட்ட சஜெஷன். பரீட்சைக்கு முன்னால் என்ன கேள்வி வரும் என்று ஜோசியம் சொல்வார்களே, அதேதான். இங்கே சஜெஷன் இல்லாமல் யாரும் எல்.கே.ஜி. கூடப் பாஸ் பண்ணுவதில்லை.

'உணர்ச்சிகள். மிக முக்கியம். சோகம்: நிச்சயம் வரும். பயம்: போன வாரம் வந்துவிட்டது, வாய்ப்புக் குறைவு. கோபம்: சிறு வினாவாக வரலாம். சந்தோஷம்: நேரமிருந்தால் படிக்கவும்.'

கீழே மாதிரி விடை வேறு. அதில் தங்கமீனுக்குப் பதில் கிளி செத்திருந்தது.

சாயங்காலம் ஒரு அம்மா கேட் அருகில் பிடித்துக்கொண்டார். "மிஸ், இது எத்தனை மார்க்குக்கு? ஃபைனல்ல சேருமா? எங்க பையனுக்குச் சோகம் சுத்தமா வரமாட்டேங்குது. எவ்வளவு திட்டினாலும் சிரிக்கிறான்."

அவனுக்கு எதுவும் ஆகாது, விட்டுவிடுங்கள் என்றேன். அந்த அம்மா திருப்தி அடையவில்லை.

டிசம்பர் 8, திங்கள்

சுப்ரியா பார்வையிட வந்தாள். பிரியம்வதா பட்டுப்புடவை. நான் பெருமையாகத் தாள்களை எடுத்து மேஜைமேல் அடுக்கினேன். மொத்த மதிப்பெண், வகுப்புச் சராசரி எல்லாம் போட்டு வைத்திருந்தேன்.

"தீதி... மார்க் போட்டிருக்கீங்க."

"ஆமா."

"ஃபீலிங்ஸுக்கு."

"பத்துக்கு."

கண்ணை மூடி மெல்ல இழுத்து மெல்ல விட்டாள். பலூன் மூச்சு! எத்தனை தடவை என்று எண்ணவில்லை. தண்ணீர் கொடுத்தேன்.

அவளுடைய விதிப்படி அவளும் அறிவுரை சொல்லக்கூடாது. ரொம்பக் கஷ்டப்பட்டாள். ஒரு தாளை எடுத்து, இரண்டு மார்க் வாங்கிய "ஒன்றுமில்லை"யைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "இந்தப் பையனுக்கு ஒண்ணுமே தோணலைன்னா, அதுதான் அவன் சொல்ற விஷயம், இல்லியா தீதி?" என்றாள். கேள்வி கேட்டுவிட்டாள், விதியை மீறி.

அவள் போன பிறகுதான் மஹிமாவின் தாள் ஞாபகம் வந்தது. பயந்துபோன ஒரு குழந்தை எழுதிய ஒரே வரிக்கு நான் நாலு மார்க் போட்டிருக்கிறேன். எனக்கு என்ன மூளை? என்ன மூளை இது?

டிசம்பர் 9, செவ்வாய்

கேட்டில் மஹிமா இல்லை. சண்முகம் மட்டும் தனியாக வந்தார், லீவு லெட்டரோடு.

"வெள்ளிக்கெழம அந்தத் தாளப் பாத்ததுலேர்ந்து சரியா பேச மாட்டேங்குது டீச்சர். கேட்டுக்கும் வர மாட்டேன்னுடுச்சு. நாலு மார்க்கு நாலு மார்க்குன்னு அழுவுது. கணக்குல தொண்ணூறுக்குக் கீழ வாங்குன புள்ளயே இல்லயே அது."

"நீங்க கஷ்டப்படறீங்க" என்று பயிற்சிப்படி ஆரம்பித்தேன். பிறகு விட்டுவிட்டு, "தப்பு என்னோடது சண்முகம், நான் போட்டிருக்கவே கூடாது" என்றேன். அவருக்கு ஆச்சரியம்போல. தலையை ஆட்டிவிட்டு, "கரக்பூருக்கு டிக்கெட் பாக்கலாம்னு இருக்கேன் டீச்சர்" என்றார்.

இரண்டு மாதத்துக்கு மேலாகக் கேட் வரைக்காவது வந்துகொண்டிருந்தாள். அதையும் கெடுத்துவிட்டேன்.

டிசம்பர் 10, புதன்

சாப்பாடு இறங்கவில்லை. இவர் கேட்டார், "என்ன, மனசு சரியில்லையா?" ஆமாம் என்றேன். "மனசு சரியில்லைன்னு தோணறது உனக்கு" என்றார். எங்கே கற்றுக்கொண்டாரோ! சிரிப்பு வந்து, அழுகையும் வந்தது.

டிசம்பர் 12, வெள்ளி

பள்ளி விட்டதும் மஹிமாவின் வீட்டுக்குப் போனேன். சந்துக்குள் கீழ்த்தளத்தில் ஒரே அறை. சுவரில் என் தோள் உயரத்துக்குத் தண்ணீர்க் கறை இன்னும் கோடாக நிற்கிறது. அவள் கட்டிலின்மேல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் பேசினேன், மன்னிப்புக் கேட்டேன். திரும்பவில்லை. அவள் அம்மா கொடுத்த டீயில் ஈ விழுந்தது. அதையும் குடித்துவிட்டேன், வேறு என்ன செய்வது என்று தெரியாமல்.

எழுந்திருக்கும்போது சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"மறுமதிப்பீடு உண்டா மிஸ்?"

அறிவுரை கூடாது, கேள்வி கூடாது, தீர்ப்புக் கூடாது. பொய் சொல்லக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

"உண்டு. ஆனா ஸ்கூல்ல வந்துதான் கேக்கணும். ரூல்."

"கேட்டுக்கு வெளிய நின்னா?"

"கேட் ஸ்கூலோடதுதானே."

சுப்ரியாவுக்குத் தெரிந்தால் மறுபடி கண்ணை மூடிக்கொள்வாள். மூடட்டும்.

டிசம்பர் 15, திங்கள்

வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் வந்துவிட்டாள். யூனிஃபார்ம், தலைவாரல், கையில் அந்தத் தாள். குட்டைக்கு அந்தப் பக்கம் அவளும் அப்பாவும். இந்தப் பக்கம் வாசல் காக்கும் தர்வானுடைய ஸ்டூலைப் போட்டு நான் உட்கார்ந்தேன்.

"ஏன் நாலு மார்க்கு மிஸ்?"

"செய்முறை இல்லை. விடை மட்டும் இருந்தது."

"இப்ப வாயால சொன்னா போடுவீங்களா?"

"சொல்லு."

வகுப்பில் கணக்குச் சொல்வதுபோலவே கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள். "மொதல்ல கதவுக்கு அடியில தண்ணி வந்துச்சு. அப்பா செருப்பு மெதந்துச்சு. நாங்க சிரிச்சோம். அப்புறம் கட்டிலுக்கு வந்துச்சு. அப்பா என்னை பீரோ மேல ஏத்திட்டாரு. அங்கேர்ந்து ஜன்னல் தெரிஞ்சுது. பூலு தண்ணியில நீந்தி வந்துச்சு. எங்க தெரு நாய் மிஸ். லைட்டுக் கம்பத்துகிட்ட வந்தப்ப கத்துச்சு. அப்புறம் கத்தல."

சண்முகம் தலையைக் குனிந்துகொண்டார். இது அவருக்கே புதிது என்று முகத்தில் தெரிந்தது. பீரோமேல் இருந்து இவள் பார்த்தது அவருக்குத் தெரியாது.

"தண்ணியில கரண்ட்டு இருந்துச்சு. கரண்ட்டு கண்ணுக்குத் தெரியாது. அதனால எனக்கு தண்ணி பிடிக்கல. முடிஞ்சுது."

கற்றுக்கொடுத்தபடி சொன்னேன்: "இந்தத் தண்ணியிலயும் கரண்ட் இருக்குமோன்னு பயப்படறே."

"இருக்குமோ இல்ல மிஸ். இருக்கு. மேல பாருங்க."

பார்த்தேன். வெள்ளத்துக்குப் பிறகு கேட் விளக்குக்காக யாரோ அவசரமாக இழுத்த ஒயர். நடுவில் ஒட்டுப் போட்டு டேப் சுற்றியிருந்தது. டேப் பிரிந்து, ஒயர் கேட் கம்பி வழியாக வழிந்து, குட்டையைத் தொட்டுக்கொண்டு இருந்தது. இரண்டு மாதத்துக்கு மேலாக நாங்கள் எல்லாரும் செங்கல்லைப் பார்த்தே தாவியிருக்கிறோம். ஒருத்தர்கூட அண்ணாந்து பார்க்கவில்லை. பகலில் விளக்கு அணைந்திருப்பதால் ஒன்றும் ஆகவில்லை என்று தர்வான் சொன்னான். சொன்னவன் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டுதான் சொன்னான்.

அந்த நேரம் பார்த்துப் பிரியம்வதா தாவி வந்துகொண்டிருந்தார். "அசையாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் இரண்டாவது செங்கல்மேல் ஒற்றைக் காலில் நின்றுவிட்டார். மெயின் ஸ்விட்சை அணைக்கும்வரை அப்படியே நின்றார். எப்போதும் அதட்டும் குரல், "அணைச்சாச்சா? அணைச்சாச்சா?" என்று குழந்தைக் குரலாகிவிட்டது. பிறகு அவரே போன் பண்ணி மின்சார மிஸ்திரியை வரவழைத்தார், சாக்கு எதுவும் சொல்லாமல்.

அவன் மெயினைப் போட்டு விளக்கு ஸ்விட்சைத் தட்டி ஒட்டில் டெஸ்டரை வைத்தான். எரிந்தது.

ஒயரை மொத்தமாகப் பிடுங்கினான். மஹிமா விடவில்லை. கேட்டில் வை என்றாள், செங்கல்லில் வை என்றாள், தண்ணீரில் வை என்றாள். எங்கும் எரியவில்லை. மிஸ்திரி என்னைப் பார்த்தான். "அவங்க சொல்ற மாதிரியே செய்யுங்க மிஸ்திரி" என்றேன்.

இவளைப் பார்த்து எத்தனை பேர் எத்தனை தடவை "வெறும் தண்ணிதான்மா" என்று சொல்லியிருப்போம்! நானும் சொல்லியிருக்கிறேன். வகுப்பில் அவளைத் தவிர யாரும் என் தப்பைச் சொல்வதில்லை என்று தெரிந்தும், கேட்டில் அவள் நின்றதற்கு நாங்கள் பயம் என்று பேர் வைத்துவிட்டோம்.

"மார்க்கு?" என்றாள்.

"மார்க் போடக் கூடாதுன்னு உத்தரவு."

"அப்ப நாலேதானா?"

நாலை அடித்தேன். அவள் போதாது என்பதுபோல் நின்றாள். பத்து என்று எழுதினேன், சிவப்பு மையில், பெரிதாக, கையெழுத்தும் போட்டு. சுப்ரியா வந்தால் நான் பேசிக்கொள்கிறேன்.

செங்கல்மேல் கால் வைத்தாள். அப்பா கையை நீட்டினார், பிடிக்கவில்லை. நடுச் செங்கல்லில் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் இந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

படியேறும்போது, "சாய் கிருஷ்ணாவுக்கு எவ்ளோ மிஸ்?" என்றாள்.

"ஒன்பது."

அவள் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.

டிசம்பர் 16, செவ்வாய்

குருபிரசாத்தின் புதிய சஜெஷன் வந்திருக்கிறது. 'மின்சாரம்: மிக மிக முக்கியம்.' இதற்கு நான் ஆட்சேபிக்கவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

வானிலைப் படத்தைக் கழற்றிவிட்டோம். இப்போது வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் யாருக்கு என்ன தோன்றுகிறதோ வாயால் சொல்கிறார்கள், நான் கேட்கிறேன். கையில் பேனா வைத்துக்கொள்வதில்லை. "ஒன்றுமில்லை" பையன் இன்று எழுந்து, ஒன்றுமில்லை என்றான். சரி, உட்கார் என்றேன். உட்கார்ந்த பிறகு மெதுவாக, வீட்டில் அம்மா மழை நாளில் தூங்குவதில்லை என்றான். யாரும் சிரிக்கவில்லை.

சண்முகம் கரக்பூர்ப் பேச்சை எடுப்பதில்லை.

ஜூன் 23, செவ்வாய்

ஆறாம் வகுப்புக்கும் கணக்கு நான்தான். இன்று மூன்றாவது பீரியடில் மழை பிடித்துக்கொண்டது, இந்த வருஷத்தின் முதல் பெரிய மழை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சாக்பீஸைக் கீழே வைத்தேன். உள்ளதைச் சொன்னேன். "எனக்கும்தான் பயமா இருக்கு. கொஞ்ச நேரம் கணக்கு வேண்டாம்." ஒருவன் பலூன் மூச்சு விட ஆரம்பித்தான், மற்றவர்களும் விட்டார்கள். ஒருவன் கிச்சுரி என்று கத்தினான்.

பள்ளி விடும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே கணுக்கால் அளவு தண்ணீர். மெயினை அணைத்தாயிற்று, தெருவிலும் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள் என்று தர்வான் வந்து சொல்லும்வரை ஒரு குழந்தையையும் விடவில்லை. சண்முகம் குடையோடு எதிர்ப்பக்கம் நின்றார். மஹிமா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். பாதி தூரம் போய்த் திரும்பினாள்.

"மிஸ்! நாளைக்கு டெஸ்ட் இருக்கா?"

"இருக்கு."

"தண்ணி வந்தாலுமா?"

"வந்தாலும்."

"அநியாயம் மிஸ் இது" என்று முணுமுணுத்துக்கொண்டே, காலால் தண்ணீரை ஒரு உதை விட்டு நடந்தாள். அப்பா மேலெல்லாம் தெறித்தது. சந்து திரும்பும்வரை டெஸ்டைப் பற்றியே அவரிடம் புகார் சொல்லிக்கொண்டு போனாள்.

புடவை நனைந்துவிட்டது. வினாத்தாள் இன்னும் எழுதவில்லை. காப்பி குடித்துவிட்டு உட்கார வேண்டும்.